கணக்குப் பயம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம். வீட்டில் எல்லாக் கணக்கையும் போடுகிறாள். பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது என்று அழுகிறாள். சாக்குச் சொல்கிறாளா?

பதில்: சாக்கு இல்லை. 47-ஐயும் 38-ஐயும் மனக்கணக்காகக் கூட்டிப் பாருங்கள். 7-ம் 8-ம் 15. மிச்சம் வந்த 1-ஐ விடாமல் பிடித்துக்கொண்டே அடுத்த இலக்கங்களைக் கூட்ட வேண்டும். அந்த 1-ஐ வைத்திருக்கும் இடம் மனத்தில் மிகச் சிறியது. ‘ஃபெயிலாகிவிடுவேனோ’ என்ற எண்ணமும் அங்கேதான் வந்து உட்காருகிறது. அமெரிக்காவில் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற உளவியலாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், சில எழுத்துகளை நினைவில் வைத்துக்கொண்டே கூட்டச் சொன்னார்கள். கணக்குப் பயம் உள்ளவர்கள் மிகவும் தடுமாறியது இப்படி மிச்சம் வரும் இனமாற்றக் கூட்டலில்தான்.

ஆனால், அவள் வீட்டில் எப்படிப் போடுகிறாள் என்பதையும் கவனியுங்கள். பயிற்சி 3.5-ஐத் திறந்தால் எந்த முறையில் போடுவது என்பது தலைப்பிலேயே இருக்கிறது. பக்கத்தில் கைடு வேறு. பரீட்சையிலோ முறையை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். அதனால் வாரம் இருமுறை, வெவ்வேறு பாடங்களிலிருந்து ஐந்து 5 மதிப்பெண் கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கலைத்துக் கொடுங்கள். கைடு மூடியிருக்கட்டும். நேரம் 40 நிமிடம்: 100 மதிப்பெண்ணுக்கு 3 மணி நேரம் என்றால், சரிபார்க்க கால் மணியை ஒதுக்கியபின் ஒரு 5 மதிப்பெண் கணக்குக்கு 8 நிமிடம்தான் கிடைக்கும். முதல் சில வாரம் நேரம் போதாது, விட்டுவிடுங்கள். முதலில் கலப்பு பழகட்டும், கடிகாரம் பிறகு.

தேர்வன்று கிளம்பும் முன் 10 நிமிடம், என்ன பயம் என்பதை ஒரு தாளில் மனம்விட்டு எழுதச் சொல்லலாம். ராமிரெஸ், பைலாக் என்ற உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் உயிரியல் தேர்வுக்கு முன் இதைச் செய்து பார்த்தார்கள். பரீட்சைப் பயம் அதிகமுள்ளவர்களே கூடுதலாகப் பயனடைந்தார்கள். நீங்கள் அந்தத் தாளை வாங்கிப் படிக்காதீர்கள். ஹாலில், கை பழகிய வரைபடத்தையோ வடிவியலையோ முதலில் எடுப்பது நல்லது. நடுவில் எங்காவது நின்றுபோனால் பேனாவைக் கீழே வைத்து, மெல்ல நாலைந்து முறை மூச்சை வெளியே விட்டு, தெரிந்த சூத்திரத்தையாவது எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். படிநிலைகளுக்கும் மதிப்பெண் உண்டு.

கேள்வி: எனக்கே கணக்கு வராது. ஏழாவது படிக்கும் மகனுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் கோபத்தில்தான் முடிகிறது. விட்டுவிடட்டுமா?

பதில்: கொஞ்ச நாள் சொல்லிக்கொடுப்பதை மட்டும் விடுங்கள், பக்கத்தில் உட்காருவதை விடாதீர்கள். 2015-இல் அமெரிக்காவில் ஒன்று, இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், கணக்குப் பயம் உள்ள பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவியபோது பிள்ளைகள் அந்த ஆண்டில் குறைவாகவே கற்றார்கள்; அவர்களது பயமும் கூடியது. ‘எனக்கும் கணக்கு வராது’ என்று அவன் காதுபட இனிச் சொல்ல வேண்டாம்.

தவறு கண்டதும் விடையைச் சொல்லாமல், “எப்படிப் போட்டே, சொல்லு தம்பி” என்று கேளுங்கள். –3 –4 = +7 என்று எழுதியிருப்பான். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்ற பெருக்கல் விதியைக் கூட்டலுக்குக் கொண்டுவந்திருக்கிறான். இது கவனக்குறைவு இல்லை, கற்ற விதி இடம் மாறிவிட்டது. 3 ரூபாய் கடன், மேலும் 4 ரூபாய் கடன், மொத்தம் எவ்வளவு என்று கேட்டால் அவனே திருத்திக்கொள்வான். அப்படித் தானாகத் திருத்தியது அவனுக்கு நெடுநாள் நிற்கும்.

கேள்வி: நான் ஆசிரியை. ‘உன்னால் முடியும்’ என்று தினமும் சொல்கிறேன். பின்பெஞ்சு மாணவர்களிடம் மாற்றமே இல்லையே?

பதில்: சொல்லால் வரும் நம்பிக்கை அடுத்த கணக்குத் தப்பியதும் போய்விடும். தானே செய்து முடித்த அனுபவமே வலுவானது என்று உளவியலாளர் பண்டூரா 1977-லேயே எழுதினார். x² + 5x + 6 போல மூன்றை அவர்களே காரணிப்படுத்தட்டும். நான்காவதில் ஒரு குறியை மட்டும் மாற்றுங்கள்: x² – 5x + 6. பாராட்டும்போது ‘வெரிகுட்’ என்பதைவிட, ‘–2, –3 இரண்டையும் பெருக்கியும் கூட்டியும் சரிபார்த்தாயே, அது சரி’ என்று செய்ததைச் சுட்டிச் சொல்லுங்கள். கரும்பலகைக்குத் திடீரென்று அழைக்காமல், முந்தைய நாளே எந்தக் கணக்கு என்று சொல்லிவிடுங்கள்.