கோக், பெப்சி வந்த பிறகும் பொவண்டோ எப்படித் தாக்குப்பிடித்தது?

வண்ணாரப்பேட்டைப் பெட்டிக்கடையில் இன்றும் பொவண்டோ கிடைக்கிறதே, அது யாருடையது, எப்படி நிலைத்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அது காளிமார்க் கம்பெனியுடையது. 1916இல் விருதுநகரில் பழனியப்ப நாடார் சோடா தயாரிப்பில் தொடங்கியது, இன்றுவரை அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. திராட்சை வாசனையடிக்கும் பொவண்டோ 1950களின் கடைசியில் வந்தது.

அந்தக் காலத்து சோடா என்றால் கோலி சோடாதான். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவார்கள், உள்ளே இருக்கும் கேஸ் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும், கட்டை விரலால் ஓங்கி அமுக்கினால்தான் திறக்கும். கண்ணாடி பாட்டில் கனம், காலியானதும் திரும்பி வரவேண்டும், அதனால் தொழிற்சாலை பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். ஊருக்கு ஊர் ஒரு கலர், அதாவது குளிர்பானக் கம்பெனி இருந்தது இதனால்தான்.

1977இல் கோக் இந்தியாவை விட்டுப் போனது உள்ளூர்க்காரர்களுக்கு நல்ல இடைவெளி. 1993இல் திரும்பி வந்து தம்ஸ் அப், கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டபோது சின்னக் கம்பெனிகள் பல காணாமல் போயின. காளிமார்க் விற்கவில்லை. என்னைக் கேட்டால் அவர்களைக் காப்பாற்றியது விளம்பரம் இல்லை, வேறு எதிலும் வராத அந்த ருசிதான். கூடவே சின்ன ஊர்க் கடைகளை விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள். அப்புறம் 2017இல், ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்கமாட்டோம் என்று அறிவித்தபோது, கடைக்காரர்கள் தேடிப் போனது இவர்களைத்தான்.