கான்கூனில் ஒரு முழு ஓய்வு நாள்: எப்போது கடல், எப்போது நிழல்?

கேள்வி: ஜூலை நடுவில் டல்லாஸிலிருந்து மெக்சிகோவின் கான்கூன் போகிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா (68), அம்மா (63), ஏழு வயது மகன் எல்லோரும் வருகிறார்கள். சிச்சேன் இட்சா, துலும் மாயா இடிபாடுகளைச் சுற்றிவிட்டு, கடைசி நாள் எங்கும் போகாமல் ரிசார்ட்டிலேயே இருக்க ஆசை. ஹோட்டல் திறந்த கடலைப் பார்த்த கிழக்குக் கரையில் இருக்கிறது. அப்பா கடலில் இறங்கலாமா? அம்மா சுத்த சைவம். அந்த நாளை எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: ஒரு நாளை சும்மா இருப்பதற்கென்றே ஒதுக்கியிருக்கிறீர்கள், மிகவும் நல்லது. "அரை நாளில் முடிந்துவிடும்" என்று யாராவது படகுச் சவாரி பற்றிச் சொன்னால், அன்றைக்கு மட்டும் வேண்டாம். வெயிலை வைத்து நாளைப் பிரித்துக்கொண்டாலே போதும்.

கான்கூனில் 2015 முதல் வருடம் முழுக்க ஒரே நேரம்தான். ஜூலையில் டல்லாஸ் மணியும் அதுவும் ஒன்றே, கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. ஆனால் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, 12:50 வாக்கில். நீங்கள் போகும் வாரத்தில் அது தலைக்கு நேர் மேலே நிற்கும். உங்கள் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். ஆகவே 10:30 முதல் 4 வரை மணலை மறந்துவிடுங்கள். இதில் மணலே நம்மை ஏமாற்றும். அது சுண்ணாம்பு வகை வெள்ளைத் தூள். உச்சி வெயிலிலும் அவ்வளவாகக் காலைச் சுடாது. கால் குளிர்ந்திருப்பதால் பிள்ளைகள் விளையாடிக்கொண்டே இருப்பார்கள், சாயங்காலம்தான் தோள் எரியும். குடைக்குள் உட்கார்ந்தாலும் மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் தோலைச் சுடும். மகனுக்கு முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிவிடுங்கள். முகம், கழுத்து, கால் என்று சட்டை மூடாத இடங்களில் துத்தநாக ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் தடவுங்கள். ஆக்சிபென்சோன் என்ற ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன் பவளப் பாறைக்குக் கேடு. அப்பா ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், கிளம்பும் முன்பே டாக்டரிடம் வெயிலைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

6:15 வாக்கில் உங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்தே எழும். பெரியவர்கள் எப்படியும் விழித்திருப்பார்கள், அழைத்துப் போங்கள். அப்போதே கடலின் நிறத்தையும் பாருங்கள். ஜூலை, சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசி ஒதுங்கும் பருவம். ஹோட்டல் ஆட்கள் காலையிலேயே வாரி எடுப்பார்கள். குவியல் அழுகி முட்டை நாற்றம் அடித்தால் அன்றைக்கு நீச்சல் குளமே போதும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

கரை தெளிவாக இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது கொடி. பச்சை என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்போ கறுப்போ என்றால் கரையோடு சரி. கிழக்குக் கரையில் அலை பார்க்கச் சாதாரணமாக இருக்கும், அடியில் நீர் வெளியே இழுக்கும். பச்சைக் கொடி நாளில் அப்பா முழங்கால் அளவு தண்ணீரில், உங்கள் கையைப் பிடித்தபடி நிற்கட்டும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் டாக்ஸி பிடித்து லங்கோஸ்தா அல்லது தோர்துகாஸ் கடற்கரைக்குப் போங்கள். ஹோட்டல் பகுதி 7 என்ற எண் போல வளைந்தது. இவை அதன் மேல்கோட்டில் வடக்கு நோக்கி இருப்பவை. எதிரே இஸ்லா முஹேரெஸ் தீவு அலையைத் தடுப்பதால் தண்ணீர் பெரும்பாலும் குளம் போல நிற்கும். மெக்சிகோவில் கடற்கரை பொதுச் சொத்து, யாரும் உட்காரலாம். ஹோட்டல்களுக்குப் பின்னால் உள்ள நிசுப்தே காயலில் மட்டும் மகனைக் கால் நனைக்க விடாதீர்கள். முதலைகள் உண்டு.

நண்பகலுக்கு என் பரிந்துரை அமாக்கா. கான்கூன் இருக்கும் யுகத்தான் தீபகற்பத்தில் வீட்டுக்கு வீடு தொங்கும் நூல் வலைத் தொட்டில். நம்மவர்கள் அதில் நீளவாக்கில் படுத்து, வாழைப்பழம் போல வளைந்து, முதுகு வலிக்கிறது என்று எழுந்துவிடுகிறார்கள். முதலில் நடுவில் உட்காருங்கள். பிறகு தலையை ஒரு ஓரத்துக்கும் காலை எதிர் ஓரத்துக்கும் தள்ளிக் குறுக்காகப் படுங்கள். வலை விரிந்து முதுகு பாயில் கிடப்பது போல நேராகும். ஏறும்போதும் இறங்கும்போதும் அப்பாவுக்கு ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

அம்மா சாப்பாட்டில் சோறும் பீன்ஸும் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். சோற்றைக் கோழிச் சாற்றிலும், மசித்த பீன்ஸைப் பன்றிக் கொழுப்பிலும் சமைப்பது அங்கே சகஜம். ஸ்பானிய மொழியில் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பலருக்கு மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி வேண்டாம் என்றுதான் அர்த்தம். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மந்தேகா" என்று முழுதாகச் சொல்லுங்கள்: இறைச்சி, கோழி, மீன், பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம். "மந்தெகீயா" என்பது வெண்ணெய், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கல்லில் சுட்ட சோளத் தொர்த்தீயா ரொட்டி, அவகாடோ மசித்த குவாக்கமோலே, வாட்டிய நோபால் என்ற சப்பாத்திக்கள்ளி, எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாம்பழம், இவற்றிலேயே அம்மாவுக்கு வயிறு நிறையும். "ஆகுவா தே தமரிந்தோ" என்று கேட்டால் புளித் தண்ணீர் வரும், ஏறக்குறைய நம் பானகம். அபனேரோ மிளகாய்ச் சட்னியை மட்டும் கரண்டி நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், பல் தேய்க்கவும் பாட்டில் தண்ணீரே.

4 மணிக்கு மேல் மகன் மறுபடி மணலுக்கு வரட்டும். சூரியன் 7:30 வாக்கில் காயல் பக்கம் இறங்கும். சாப்பிட்ட பிறகு கரையோரம் நடந்தால் மொபைல் விளக்கை அணைத்துவிடுங்கள். மே முதல் அக்டோபர் வரை கடலாமைகள் முட்டையிட ஏறும் காலம். வெளிச்சம் பட்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். ஒன்று தென்பட்டால் மகனோடு தூரத்தில் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள்.