ஆங்கிலம் கேட்டறிவோம்: 'பிரிபெயார்' எங்கே, 'பிரிபெயார் ஃபோர்' எங்கே?

கேள்வி: சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகள், கட்டுரையில் 'ஐ ஆம் பிரிபெயாரிங் த எக்ஸாம்' என்று எழுதினாள். ஆசிரியை நடுவில் 'ஃபோர்' சேர்த்துத் திருத்தியிருக்கிறார். அது இல்லாமல் எழுதக் கூடாதா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: எழுதலாம், ஆனால் பொருள் வேறாகிவிடும். மகள் எழுதியபடி பார்த்தால் அவள் பரீட்சைக்குத் தோற்றுபவள் அல்ல, வினாத்தாள் தயாரிப்பவள். தமிழில் ஆயத்தமாகு, ஆயத்தப்படுத்து என்று இரண்டு வினைகள் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பிரிபெயார்' ஒன்றுதான். எந்தப் பொருள் என்பதை 'ஃபோர்' தான் காட்டித் தர வேண்டும்.

நாம் வேலை செய்து சீராக்கும் பொருள் வினையை ஒட்டி நேரே வரும். 'பிரிபெயார் த லாண்ட்' என்றால் வயலை உழுது, மட்டப்படுத்தி, வரம்பு கட்டுவது. எதை எதிர்பார்த்து ஆயத்தமாகிறோமோ அதற்கு முன் 'ஃபோர்' வரும். காலபோக நெற்செய்கையில் இரண்டும் ஒரே வசனத்தில் அமையும்: 'ஃபார்மர்ஸ் பிரிபெயார் த லாண்ட் ஃபோர் சோவிங்'. இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கப்போவதாக அறிவித்தால், கனகராயன் ஆற்றின் கீழ்ப்புறத்தில் இருப்பவர்கள் 'பிரிபெயார் ஃபோர் ஃப்ளட்ஸ்'. இதில் 'ஃபோர்' விடுபட்டால் வெள்ளத்தை உண்டாக்குவதே அவர்கள் என்றாகும்.

சந்தேகம் வந்தால் வசனத்தை முதலில் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். 'நிலத்தை' என 'ஐ' உருபு வந்தால் 'ஃபோர்' வேண்டாம். 'பரீட்சைக்கு' என 'கு' உருபு வந்தால் வேண்டும். இங்கேதான் நல்ல மாணவர்களும் தவறுகிறார்கள். 'பாடசாலைக்கு' என்பதற்கு 'டு ஸ்கூல்' எழுதிய பழக்கத்தில் 'பிரிபெயார் டு த எக்ஸாம்' என்று எழுதிவிடுகிறார்கள். 'பிரிபெயார் டு' என்பதன் பின் வினையின் அடிவடிவம்தான் வரும்: 'பிரிபெயார் டு லீவ்'. 'ஃபோர்' என்பதன் பின் பெயர்ச்சொல் அல்லது 'இங்' சேர்ந்த வடிவம். 'பிரிபெயார் ஃபோர் டு சிட்' என்று இரண்டையும் அடுக்குவது பிழை.

கேள்வி: ஒரு விண்ணப்பத்துக்கு 'வீ ஆர் நொட் பிரிபெயார்ட் டு அக்செப்ட்' என்று பதில் வந்திருக்கிறது. இன்னும் ஆயத்தமாகவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்பதா?
– வாசகர், வவுனியா

பதில்: இல்லை, அது மறுப்பு. 'பீ பிரிபெயார்ட் டு' என்றால் பெரும்பாலும் உடன்படுதல். 'நொட்' சேர்ந்தால் 'ஏற்க மாட்டோம்' என்பதன் கடுமையான, மரியாதையான வடிவம். காத்திருக்க வேண்டாம், காரணம் கேட்டு மறுபடி எழுதுங்கள். ஆயத்தக் குறைவைச் சொல்வதானால் 'நொட் ரெடி யெட்' என்று எழுதியிருப்பார்கள்.

கேள்வி: 'பிரிபெயார் டீ' சரியா?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: இலக்கணம் சரி, பேச்சில் 'மேக் டீ' தான் இயல்பு. பல படியாக நடக்கும் சமையலுக்கு 'பிரிபெயார்' பொருந்தும். உச்சரிக்கும்போது அழுத்தம் 'பெயார்' மேல். பெயர்ச்சொல்லான 'பிரெபரேஷன்' என்பதில் அது 'ரே'க்கு நகரும்.