நான்கு கார்டுகளில் 46,000 வெள்ளி கடன்: ஆலோசனைக்குப் போகலாமா, நகையை வைக்கலாமா?

கேள்வி: உட்லண்ட்ஸில் அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருக்கிறோம். நான் சிங்கப்பூர்க் குடிமகன், வயது 43. சம்பளம் 4,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மத்திய சேமநிதி (மசேநி) பிடித்தம் போகக் கைக்கு 3,360 வரும். நான்கு வங்கிகளின் கிரெடிட் கார்டுகளில் 46,000 வெள்ளி கடன். மாதம் 1,380 வெள்ளி, அதாவது மினிமம் மட்டும் கட்டுகிறேன். வீட்டுச் செலவும் ஊரில் அம்மாவுக்கு அனுப்புவதும் சேர்த்து 2,650 ஆகிறது. மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு கார்டையாவது அடைக்கலாமா? கடன் ஆலோசனைக்குப் போகலாமா? போனால் வீட்டுக்கும் வேலைக்கும் பாதிப்பு வருமா?

பதில்: போங்கள். இந்த மாதமே போங்கள். நீங்கள் எழுதிய எண்களே அதைச் சொல்கின்றன.

செலவு போக உங்கள் கையில் நிற்பது 710 வெள்ளி. கட்டுவதோ 1,380. மீதி 670 எங்கிருந்து வருகிறது? மளிகையும் பெட்ரோலும் திரும்பக் கார்டில்தான் ஏறுகின்றன, இல்லையா? இங்கே கார்டு வட்டி பொதுவாக ஆண்டுக்கு 26 விழுக்காட்டுக்கும் மேல். 26 என்றே வைத்தாலும் 46,000க்கு மாத வட்டி ஏறத்தாழ 1,000 வெள்ளி. நீங்கள் கட்டும் 1,380இல் அசலில் கழிவது 380தான். அதே மாதம் கார்டில் ஏறுவது 670. ஆக, ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியும் கடன் மாதம் 290 வெள்ளி கூடிக்கொண்டே போகிறது. உங்களிடம் ஒழுங்கு இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. இந்த வட்டியில் இந்தச் சம்பளத்தால் யாராலும் அடைக்க முடியாது.

வட்டி இறங்க வேண்டும். அதற்குத்தான் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் இருக்கிறது. அவர்கள் கடன் கொடுக்க மாட்டார்கள், கடனைத் தள்ளுபடி செய்யவும் மாட்டார்கள். உங்கள் வரவு செலவைப் பார்த்து, உங்களால் கட்டக்கூடிய தொகையைக் கணக்கிட்டு, குறைந்த வட்டியில் தவணை கேட்டு வங்கிகளிடம் முன்வைப்பார்கள். அதிகபட்சம் 10 ஆண்டு வரை தவணை போகலாம். உதாரணத்துக்கு 8 விழுக்காடு, 8 ஆண்டு என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 650 வெள்ளி வரும். உங்கள் 710க்குள் அடங்கிவிடுகிறது. உங்களுக்கு என்ன வட்டி கிடைக்கும் என்பதை வங்கிகள்தான் முடிவு செய்யும்.

இதற்கு விலையும் உண்டு. கார்டுகள் முடக்கப்படும். கடன் பதிவிலும் இது தெரியும், அதனால் புதுக் கடன் கிடைப்பது சிரமம். கார்டே இல்லாமல் குடும்பம் நடத்த வேண்டும். முதல் சில மாதம் கை கடிக்கும். அப்புறம், இது வங்கிகள் விரும்பி ஒத்துக்கொள்ளும் ஏற்பாடு, நீதிமன்ற உத்தரவு இல்லை. ஒரு வங்கி மறுக்கலாம், வழக்கும் போடலாம். நடுவில் தவணை தவறினால் பழைய வட்டி திரும்பி வரலாம். வக்கீல் கடிதமோ நீதிமன்றக் கடிதமோ வந்தால், ஆலோசனைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறோமே என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

கடன் ஒருங்கிணைப்புத் திட்டம் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாக் கடனையும் ஒரே வங்கிக்கு மாற்றும் இந்தத் திட்டம் 2017இல் வந்தது. ஆனால் கடன் 12 மாதச் சம்பளத்தைத் தாண்டியிருக்க வேண்டும். உங்களுக்கு அது 50,400. உங்கள் கடன் இன்னும் அதற்குக் கீழேதான் இருக்கிறது. அதில் சேர்வதற்காகக் கடன் ஏறட்டும் என்று காத்திருப்பது வேண்டவே வேண்டாம்.

நகைக்கு வருகிறேன். அடகுக்கடை வட்டி மாதம் 1.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது இங்கே சட்டம். கார்டைவிடக் குறைவுதான், அதனால் ஆசை வருவது இயல்பு. ஆனால் 6 மாதத்தில் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அந்தப் பணம் எங்கே இருக்கிறது? அடைத்த கார்டும் உங்கள் பர்ஸில்தானே இருக்கும், மாதம் 670 பள்ளம் அதைத் திரும்ப நிரப்பிவிடும். கடைசியில் கடனும் இருக்கும், நகையும் போகும். வைக்காதீர்கள்.

உரிமம் பெற்ற கடன்கொடுப்பவரிடம் வாங்கி அடைப்பது இதைவிட மோசம். மாதம் 4 விழுக்காடு வரை வட்டி, 10 விழுக்காடு வரை கட்டணம். அதாவது 10,000 கேட்டால் 9,000தான் கைக்கு வரலாம். கடன் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால் பதிலே போடாதீர்கள். உரிமம் உள்ளவர்களுக்கு அப்படி விளம்பரம் செய்ய அனுமதி கிடையாது.

வீட்டைப் பற்றிய பயம் வேண்டாம். உரிமையாளரில் ஒருவராவது குடிமகனாக இருக்கும் வீவக வீட்டைக் கார்டு கடனுக்காக வங்கி எடுக்க முடியாது. மசேநி பணத்தையும் தொட முடியாது. வீட்டுக் கடன் தவணையை மட்டும் தவறவிடாதீர்கள், அது ஆலோசனை வழியாக வரும் தவணைத் திட்டத்தில் சேராது. ஆலோசனைக்குப் போனதை முதலாளிக்கும் யாரும் சொல்லப்போவதில்லை.

ஒருவேளை வேலை போய் 650கூடக் கட்ட முடியாத நிலை என்றால் கதை வேறு. அப்போதும் ஆலோசகரிடம் பேசலாம். சட்டப்படி உள்ள கடன் திருப்பிச் செலுத்தும் திட்டம், நொடிப்பு நிலை (திவால்) போன்ற வழிகளை அவர் விளக்குவார்.

போகும்போது எல்லாக் கார்டுகளின் கடைசி ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு, வீட்டுச் செலவுக் கணக்கு கையில் இருக்கட்டும். நம்மவர்கள் பலர் இந்தச் செலவுக் கணக்கில்தான் சறுக்குகிறார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு செலவைக் குறைத்து எழுதுவார்கள். ஊருக்கு அனுப்பும் பணம், கட்டிக்கொண்டிருக்கும் சீட்டு, நண்பரிடம் வாங்கிய கைமாற்று, தீபாவளித் துணிமணி எல்லாவற்றையும் எழுதுங்கள். விட்டுவிட்டால் 710 என்பது உண்மையில் 500 ஆக இருக்கும், போட்ட தவணை நான்காம் மாதமே உடையும். மனைவிக்கு முழுத்தொகை தெரியாது என்றால் அவரிடம் முதலில் சொல்லிவிட்டு, இந்தக் கணக்கை இருவரும் சேர்ந்தே எழுதுங்கள். செலவு எங்கே போகிறது என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.