ஹிக்கின்பாதத்தில் ‘பாதம்’ இல்லை: கேள்வி பதில்

பழைய நூல்களுக்குப் பட்டியல் போடும் வேலையில் முப்பது வருடம் இருந்தேன். அட்டையைத் திறந்தால் உள்பக்க மூலையில், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்: ‘ஹிக்கின்பாதம் அண்ட் கோ, மெட்ராஸ்’. சென்னையின் பழைய புத்தகக் கடையின் சீட்டு. அதைப் பார்த்துப் பார்த்தே அந்தப் பெயரின் பின்னால் போனவள் நான். அதைப் பற்றிக் கேளுங்கள் என்றேன், கேள்விகள் வந்து குவிந்துவிட்டன.

மேடம், அண்ணா சாலைக் கடையைச் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. ‘ஓக் மரப் பள்ளம்’.

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் பகுதியில் போல்ட்டன் என்ற நகரம் இருக்கிறது. அங்கே ஓக்கன்பாட்டம் என்று ஓர் இடம். இன்றும் ஒரு சாலை அந்தப் பெயரோடு இருக்கிறது. ‘ஓக்கன்’ என்றால் ஓக் மரங்கள் நிறைந்த. ‘பாட்டம்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘போத்ம்’, அதாவது இரண்டு மேட்டுக்கு நடுவே ஓடையை ஒட்டிக் கிடக்கும் தாழ்ந்த நிலம். நம் ஆலங்குடி, புளியந்தோப்பு மாதிரி மரத்தை வைத்து இடத்துக்குப் பெயர் சொல்லும் வழக்கம்தான்.

ஓர் ஊர்க்காரனை அதே ஊரில் யாரும் ஊர்ப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். பிழைக்க அடுத்த ஊருக்குப் போனால்தான் ‘திண்டுக்கல்காரர்’ ஆகிறோம். அங்கேயும் அப்படித்தான். பள்ளத்தை விட்டு வெளியேறியவனோடு பெயர் ஒட்டிக்கொண்டது, பிறகு பிள்ளைகளுக்கும் வந்தது.

‘ஓக்கன்’ எப்படி ‘ஹிக்கின்’ ஆயிற்று என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓக் மரத்தாலான, ஓக் மரம் சார்ந்த என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘ஆக்கன்’ போலவும் ‘ஏக்கன்’ போலவும் ஒலிக்கும் வடிவங்கள் இருந்தன. ‘ஏக்கின்’ என்று தொடங்கிய பெயரில் நடுவிலிருந்த ககரம் மெலிந்து ஆங்கில ‘ஜி’ (g) எழுத்தின் ஒலி ஆயிற்று. ‘அகம்’ என்று எழுதிவிட்டு நடு ககரத்தை நாம் மெலிதாகச் சொல்வதில்லையா, அதே போக்கு. முன்னால் வந்த ‘ஹ’ வட்டார வழக்கு. ஹகரத்தை விழுங்கிப் பேசும் ஊரில், அது இல்லாத சொல்லிலும் கொண்டுவந்து சேர்ப்பவர்கள் இருப்பார்கள். ‘ஹெகின்பாதம்’ என்று எகரத்தோடு எழுதும் குடும்பங்கள் இன்றும் உண்டு, பழைய உயிரொலியின் மிச்சம் அது. கடைசியில் ஹிக்கின் என்ற பழகிய பெயர் பக்கத்திலேயே இருந்ததால் இதுவும் அதன் சாயலுக்கு வந்துவிட்டது.

அப்படியானால் ஹிக்கின்ஸும் இதே வேரா?

இல்லை. அது ரிச்சர்டின் செல்லப் பெயரிலிருந்து வந்தது.

ஜெர்மன் மொழியில் ஓக் மரம் ‘ஐஷன்பௌம்’. அதிலிருந்து வந்ததாகப் படித்தேனே, அக்கா?

முன்பு அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் லங்காஷயரையும் அதைச் சுற்றியும் பாருங்கள்: ராம்ஸ்பாட்டம், வின்டர்பாட்டம், ஷஃபிள்பாட்டம், சைட்பாட்டம். எல்லாம் அந்த மலைப்பக்கத்துப் பெயர்கள். இத்தனை பாட்டம்களுக்கு நடுவில் இது ஒன்று மட்டும் ஏன் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும்?

‘பாட்டம்’ என்றால் பின்புறம் ஆயிற்றே, அப்படிப் பெயர் வைத்துக்கொள்ளக் கூச்சமாக இருக்காதா?

அந்தப் பொருள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் புழக்கத்துக்கு வந்தது. குடும்பப் பெயர்கள் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. ராம்ஸ்பாட்டம் என்பதைக் காட்டுப்பூண்டு முளைக்கும் பள்ளம் என்று விளக்குவார்கள். வசந்தத்தில் ஓடைக்கரை முழுக்க வெள்ளைப் பூவும் பூண்டு வாசனையுமாக இருக்கும் நிலம். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

சார், கிரிக்கெட் இயன் போத்தம்?

‘மேடம்’ என்று திருத்திக்கொள்ளுங்கள். ஆமாம், அவரும் பள்ளத்துக்காரர்தான்! அதே ‘போத்ம்’, முன்னால் மரமோ பூண்டோ இல்லாமல் தனியாக நிற்கிறது. பிறந்ததும் செஷயர், லங்காஷயரை அடுத்த மாவட்டம். 1980இல் பம்பாய் டெஸ்டில் நம்மை எதிர்த்து 114 ரன், 13 விக்கெட் எடுத்தவர். அந்த ஆட்டத்தைப் பற்றி மட்டும் பதினோரு பேர் எழுதியிருக்கிறீர்கள். பெயருக்குத் திரும்புவோம்.

பாட்டம் = பாதம்! அடிப்பகுதி, கால். நம் சொல்தான் அங்கே போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதையே ஆறு பேர் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தே பதில் சொல்கிறேன்.

சான்று இல்லை. ‘பாதம்’ என்பது நாம் தமிழில் எழுதும்போது வந்த எழுத்துக்கூட்டு. இங்கிலாந்தில் பலரும் ‘ஹிக்கின்பாட்டம்’ என்றே சொல்கிறார்கள். சென்னையில் எழுத்தைப் பார்த்து வாசித்தோம், காதுக்குப் பழகிய ‘பாதம்’ வந்து உட்கார்ந்துகொண்டது.

சமஸ்கிருத ‘பாத’த்துக்கு ஆங்கிலத்தில் உறவுக்காரச் சொல் இருக்கிறது, அது ‘ஃபுட்’. அங்கே பகரம் ஃபகரமாக மாறும், ‘பித்ரு’வும் ‘ஃபாதர்’உம் போல. ‘பாட்டம்’ என்பதற்கும் உறவு இருக்கிறது, அது ‘புத்ன’, அடி, ஆழம் என்று பொருள். உத்திரட்டாதிக்கு அதிதேவதை அஹிர்புத்ன்யர் என்று பஞ்சாங்கத்தில் படித்திருப்பீர்களே, ஆழத்தில் கிடக்கும் பாம்பு. அந்த ‘புத்ன்ய’த்துக்கும் ஹிக்கின்பாதத்தின் வாலுக்கும் ஒரே மூலம். உண்மையான சொந்தம் இவ்வளவு அழகாக இருக்கும்போது, ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக வேறொன்றை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

ஆனால் அடி, பாதம் இரண்டும் ஒரே பொருள்தானே? பொருளும் ஒலியும் சேர்ந்து பொருந்தினால்?

பொருந்தினாலும் போதாது. மிகப் பழைய எழுத்துக்கூட்டை முதலில் பாருங்கள். பெயர் ஆராய்ச்சியில் நான் சொல்லும் முதல் எச்சரிக்கையும் கடைசி எச்சரிக்கையும் அதுதான். அந்த ‘போத்ம்’ லங்காஷயர் ஊர்ப் பெயர்களில் காலுக்காக நின்ற சொல் அல்ல, நிலத்துக்காக நின்ற சொல். அந்த ஓடையும் பள்ளமும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன.

நீங்கள் தமிழின் தொன்மையை மறுக்கிறீர்கள்.

நான் மறுத்தது ஒரு லங்காஷயர் பள்ளத்தின் தமிழ்ப் பிறப்பை மட்டும். இந்த வாதம் இதோடு போதும்.

ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் டிக்கெட் இல்லாமல் கப்பலேறி வந்தவர் என்கிறார்களே?

சென்னையில் ஆசையாகச் சொல்லப்படும் கதை அது. வரலாறாகச் சொல்லத்தக்கது இது: வெஸ்லியன் மிஷனரிகள் நடத்திய புத்தகக் கடையை 1844இல் வாங்கித் தன் பெயரில் நடத்தினார். பிறகு மெட்ராஸின் ஷெரீஃப் ஆனார். இப்போதுள்ள கட்டடம் 1904இல் வந்தது.

அலகாபாத் விவசாயப் பல்கலைக்கழகத்தின் சாம் ஹிக்கின்பாட்டம் இவருக்குச் சொந்தமா?

பெயர் ஒன்று என்பதால் சொந்தம் ஆகிவிடாது. ஆனால் சாம் பிறந்தது மான்செஸ்டரில், 1874இல். ஓக்கன்பாட்டத்திலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். 1910இல் அவர் தொடங்கிய விவசாய நிறுவனம்தான் இன்று அவர் பெயரில் பல்கலைக்கழகமாக இருக்கிறது.

இந்தப் பெயர் எங்கே அதிகம்?

செஷயர், லங்காஷயரின் தென்கிழக்கு, டெர்பிஷயர் எல்லை. பிறகு அமெரிக்கா. அங்கே கறுப்பின மக்களிடையே நன்றாகப் பரவியது. ஜாஸ் டிராம்போன் கலைஞர் ஜே. சி. ஹிக்கின்பாதம், நீதிபதி லியோன் ஹிக்கின்பாதம் இருவரும் அப்படித்தான்.

இந்தப் பெயருக்கான குடும்பச் சின்னத்தை இணையத்தில் விற்கிறார்கள். மான்செஸ்டர் நண்பருக்குப் பரிசாக வாங்கலாமா?

வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் தரப்படுவது. ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னமே கிடையாது.

ஹிக்கின்பாதம் குடும்பச் சின்னம் எப்படி இருக்கும்?

மேலே பாருங்கள்.

எங்கள் பரம்பரைப் பெயர் ‘பிள்ளை’யின் மூலம் சொல்ல முடியுமா?

தமிழ்க் கல்வெட்டு படித்தவர்களிடம் கேளுங்கள். என் துறை இல்லை.

வீடியோ கேம் கண்டுபிடித்தவர் பெயரில் ஒரு ‘ஜி’ தானே வருகிறது? வேறு குடும்பமா?

வில்லியம் ஹிகின்பாதம், 1958இல் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் அலைகாட்டித் திரையில் டென்னிஸ் விளையாட வைத்த இயற்பியலாளர். ஆமாம், ஆங்கிலத்தில் ஒரு ‘ஜி’, கடைப் பெயரில் இரண்டு. அதை வைத்து மட்டும் வேறு குடும்பம் என்று சொல்ல முடியாது. 1538இலிருந்து இங்கிலாந்தின் தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பதிவாயிற்று. பெயருக்கு உரியவருக்கு எழுதத் தெரியாது, பாதிரியார் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே வீட்டு அண்ணன் தம்பியே இரண்டு விதமாகப் பதிவாகியிருக்கலாம்.

தாத்தாவின் புத்தகத்தில் அந்தச் சீட்டு இருக்கிறது. பைண்டிங் பிரிந்துவிட்டது, புதிதாகக் கட்டப் போகிறேன். சீட்டைக் கிழித்துத் தனியாக வைக்கலாமா?

தயவுசெய்து கிழிக்காதீர்கள். எந்தப் புத்தகத்தில் இருந்தது என்பது போய்விட்டால் சீட்டுக்குப் பாதி மதிப்பு போய்விடும். பழைய உள்தாளை அப்படியே வைத்துத் தைக்கச் சொல்லுங்கள், அதன் மேல் புதுத்தாள் ஒட்ட வேண்டாம் என்று பைண்டரிடம் இரண்டு தடவை சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்துக்கூட்டைப் பார்க்க வேண்டும்.