இங்கிலாந்தில் கவுன்சில்கள் இயற்கையை மீட்க டிஜிட்டல் வரைபடம் போடுகின்றனவே, அதனால் என்ன பயன்?

எந்த இடத்தில் பணத்தைப் போட்டால் பலன் கிடைக்கும் என்று தெரிந்துவிடும், அதுதான் முக்கியம். 2021 சுற்றுச்சூழல் சட்டப்படி இங்கிலாந்து முழுவதும் 48 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் இயற்கை மீட்புத் திட்டமும் வாழிட வரைபடமும் கட்டாயமாகிவிட்டன.

கியூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில், பாதுகாப்பில் உள்ள காடு, சதுப்பு எல்லாம் ஓர் அடுக்கு. மண், வெள்ளச் சமவெளி வேறு அடுக்குகள். ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், இரண்டு பழங்காடுகளுக்கு நடுவே ஒரே ஒரு வயல் குறுக்கே கிடப்பது பளிச்சென்று தெரியும். அதன் ஓரமாகப் புதர்வேலி வளர்த்தாலே, தரையில் இறங்கத் தயங்கும் டார்மவுஸ் எலிக்கு வழி கிடைத்துவிடும்.

வரைபடத்தில் வந்ததாலேயே நிலம் கைமாறாது (விவசாயிகளின் முதல் பயம் இதுதான்). ஆனால் 2024 பிப்ரவரி முதல், சில விலக்குகள் போக, புதுக் கட்டுமானங்கள் பல்லுயிர் வளத்தை 10% கூட்டிக் காட்ட வேண்டும். வரைபடம் சொன்ன இடத்தில் சொன்ன வேலையைச் செய்தால் அந்தக் கணக்கில் 15% கூடுதல் மதிப்பு. என்னைக் கேட்டால், வரைபடத்துக்குப் பல் முளைப்பதே இங்கேதான்.

வரைபடம் போடச் செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பக் கூடாது. உரம் போட்ட புல்லையும் பூச்செடிகள் மண்டிய பழைய புல்வெளியையும் அது எளிதில் குழப்பிக்கொள்ளும். நேரில் போய்ச் செடி செடியாகக் குறித்துவந்தவர்களின் பதிவுதான் அப்போது கைகொடுக்கும்.