நாணயத்தில் தங்கம் எவ்வளவு, கதை எவ்வளவு? (வாசகர் கேள்வி - பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தங்க நாணயச் சேமிப்பு பற்றியவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடையதை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: மாதாமாதம் மிச்சம் பிடித்து வருடத்துக்கு ஒரு தங்க நாணயமாவது வாங்க நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட் 22 காரட், கனடாவின் மேப்பிள் லீஃப் 24 காரட் என்கிறார்கள். எடை ஒன்று, தங்கம் மட்டும் குறைவு என்றால் க்ரூகராண்டை எதற்காக வாங்க வேண்டும்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: எடை ஒன்று என்று எடுத்துக்கொண்டீர்களே, கணக்கு அங்கேதான் தவறுகிறது, ஐயா. ஓர் அவுன்ஸ் க்ரூகராண்டைத் தராசில் வைத்தால் 33.93 கிராம் காட்டும். மேப்பிள் லீஃப் 31.1 கிராம்தான். இரண்டிலும் உள்ள சுத்தத் தங்கம் சமம்: ஒரு டிராய் அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். க்ரூகராண்டில் தங்கத்தைக் குறைத்துச் செம்பு போடவில்லை. முழுத் தங்கத்தையும் போட்டு, அதற்கு மேல் செம்பு சேர்த்திருக்கிறார்கள். சற்றே சிவந்து தெரிவது அதனால்தான். விற்கும்போது விவரம் தெரிந்த கடைக்காரர் சுத்தத் தங்கத்துக்குத்தான் விலை போடுவார்.

செம்பும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 24 காரட் தங்கம் மிக மென்மையானது. ஒரு பையில் நான்கு மேப்பிள் லீஃப்களைப் போட்டுக் குலுக்கினால் முகத்திலெல்லாம் கீறல் விழுந்துவிடும். 1967இல் வந்த க்ரூகராண்ட் கைமாறிக் கைமாறிப் புழங்கினாலும் தாங்க வேண்டும் என்று கருதிச் செய்யப்பட்டது. 1986இல் வந்த அமெரிக்கன் ஈகிளும் 22 காரட்தான். பிரிட்டனின் பிரிட்டானியா 2012 வரை 22 காரட்டாக இருந்து, 2013 முதல் 24க்கு மாறியது. அடிக்கடி எடுத்துப் பார்த்து மகிழ்கிறவர் என்றால் உங்களுக்கு 22 காரட்டே நல்லது. பெட்டியில் போட்டுப் பூட்டுகிறவர் என்றால் எதை வாங்கினாலும் ஒன்றுதான்.

சிறிய நாணயங்களில் மட்டும் கவனமாக இருங்கள். அச்சடிக்கும் செலவு சிறியதற்கும் பெரியதற்கும் அதிகம் வேறுபடாது. எனவே பத்தில் ஓர் அவுன்ஸ் நாணயங்கள் பத்து வாங்கினால், ஓர் அவுன்ஸ் நாணயத்தைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுப்பீர்கள். அவசரத்துக்கு ஒவ்வொன்றாக விற்கும் வசதி வேண்டும் என்றால், 7.32 கிராம் சுத்தத் தங்கமுள்ள பிரிட்டிஷ் சவரன் நாணயம் நடுத்தரமான வழி.

கேள்வி: தங்கத்தைக் கடித்துப் பார்க்கிறார்களே, உண்மையிலேயே தெரியுமா?
- பள்ளி மாணவி

பதில்: பல் உடைந்தால் தெரியும், தங்கமில்லை என்று! ஈயம் தங்கத்தைவிட மென்மையானது. தங்க முலாம் பூசிய ஈயத்தில் பல்தடம் இன்னும் அழகாக விழும். ஒலிம்பிக் வீரர்கள் கடிக்கும் தங்கப் பதக்கம்கூடப் பெரும்பகுதி வெள்ளிதான், குழந்தாய். முழுத் தங்கத்தில் கடைசியாகக் கொடுத்தது 1912இல்.

கேள்வி: அப்படியானால் வீட்டிலேயே போலியைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
- வாசகர், பெயர் வேண்டாம்

பதில்: உண்டு. கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் மின் தராசு ஒன்று, ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் நூல் போதும்.

முதலில் நாணயத்தை அப்படியே எடை போடுங்கள். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். ஓரத்தில் குமிழி ஒட்டியிருந்தால் மெல்ல ஆட்டி விடுங்கள். கை நடுங்கினால் எண்ணும் நடுங்கும். நூலை ஒரு குச்சியில் கட்டிக்கொள்வது நல்லது. இப்போது தராசு காட்டும் எண்ணால் நாணயத்தின் எடையை வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். க்ரூகராண்ட் என்றால் தராசு 1.9 கிராமை ஒட்டிக் காட்ட வேண்டும். அடர்த்தி சுமார் 17.5 வரும். மேப்பிள் லீஃப் என்றால் 1.6, அடர்த்தி 19.3. ஈயத்தின் அடர்த்தி 11.3தான், ஆகவே அது உடனே அகப்பட்டுவிடும்.

அகப்படாத திருடன் ஒருவன் இருக்கிறான்: டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25. தங்கத்துக்கு இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் 24 காரட் நாணயத்தில் தண்ணீர்ச் சோதனை ஏமாந்துபோகும். எக்ஸ்-கதிர்க் கருவியும் மேல்தோலை மட்டுமே படிக்கும். உள்ளே ஊடுருவிப் பார்க்க மீயொலிக் கருவி வேண்டும்; அதை வைத்திருக்கும் வணிகரிடம்தான் போக வேண்டும். சந்தை விலையைவிடக் குறைவாக யாராவது தங்கம் தருகிறேன் என்றால், தராசைத் தேடாமல் வாசலைத் தேடுங்கள்.

கேள்வி: 1915 என்று பொறித்த ஆஸ்திரிய 100 கொரோனா நாணயத்தை, நூறாண்டுப் பழமை என்று சொல்லி நல்ல கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். நாணயம் புத்தம் புதிதாக மின்னுகிறது. என்ன காரணம்?
- இளம் சேகரிப்பாளர்

பதில்: புதிதாகவே அடித்திருக்கலாம், அதுதான் காரணம். நாணயத்தில் இருக்கும் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1916இல் காலமாகிவிட்டார். ஆனால் 1915 என்ற தேதியோடு அந்த நாணயத்தை ஆஸ்திரிய நாணயச் சாலை அதன் பிறகும் தொடர்ந்து அடித்து வந்திருக்கிறது. டுகாட் நாணயங்களும் அப்படித்தான். பிரான்சும் 1907 முதல் 1914 வரையிலான தேதிகள் கொண்ட 20 பிராங்க் சேவல் நாணயங்களை 1950களில் மறுபடி அடித்தது. நாணயச் சாலைகள் இதை ஒளிக்கவில்லை. தங்கம் அசல், எடை அசல். உங்களை ஏமாற்றியவர் விற்றவர். தேதிக்கு விலை வாங்கியிருக்கிறார்.

அடுத்த முறை இரண்டே கேள்விகள் கேளுங்கள். இதிலுள்ள சுத்தத் தங்கத்துக்கு இன்று என்ன விலை? அதற்கு மேல் நீங்கள் கேட்பது எதற்கு? இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் இருக்கவும் கூடும். 1933ஆம் ஆண்டின் அமெரிக்க இரட்டைக் கழுகு நாணயத்தில் தங்கம் சுமார் 30 கிராம்தான். 2021இல் அது 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 4,45,500 நாணயங்கள் அடித்தார்கள்; அந்த ஆண்டு தனியார் கையிலிருந்த தங்கத்தை அரசு திரும்பப் பெற்றதால், அவற்றைப் புழக்கத்துக்கு விடாமலே 1937இல் உருக்கிவிட்டார்கள். தப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தக் கதைக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறது. உங்கள் நாணயத்தின் கதைக்கு, நீங்கள் விற்கப்போகும் நாளில் யாரும் சல்லிக்காசு தரமாட்டார்கள். தங்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தாத்தாவின் பழைய தங்க நாணயம் அழுக்கேறியிருக்கிறது. பல்பொடி போட்டுத் தேய்த்துவிட்டு மதிப்பிடக் கொடுக்கலாமா?
- இல்லத்தரசி

பதில்: வேண்டவே வேண்டாம், அம்மா! பல்பொடி கண்ணுக்குத் தெரியாத கீறல்களை விட்டுச் செல்லும். சேகரிப்பாளர் உருப்பெருக்கியில் முதலில் தேடுவது அதைத்தான். அழுக்கோடு கொண்டுபோங்கள். பி.வி.சி. உறையில் இருந்தால் எடுத்துவிடுங்கள்; அது நாளடைவில் நாணயத்தின் மேல் பிசுபிசுப்பைக் கக்கும்.

கேள்வி: தங்கம் விழவே விழாது, இருக்கும் பணத்தையெல்லாம் போடு என்கிறார் மாமா. போடலாமா?
- புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்

பதில்: மாமாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு இதைக் காட்டுங்கள், தம்பி. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்டது. 1999இல் 253 டாலருக்குச் சரிந்தது. மறுபடி 850ஐக் கண்டது 2008 ஜனவரியில். பணவீக்கத்தைக் கழித்தால் அப்போதும் நஷ்டம்தான். நடுவில் அந்த நாணயம் ஒரு பைசா வட்டி ஈனவில்லை. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே உள்ள இடைவெளி வேறு. சில மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் வைத்துவிட்டு, மிச்சத்தில் ஒரு பங்குக்கு மட்டும் நாணயம் வாங்குங்கள்.

கேள்வி: என் கணவர் தங்க நாணயங்களை எங்கே வைத்திருக்கிறார் என்று எனக்கே சொல்வதில்லை. கேட்டால் திருட்டுப் பயமாம். சரிதானா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி மேசையில் வையுங்கள், அம்மா. 2013இல் கலிபோர்னியாவில் ஒரு தம்பதி தங்கள் நிலத்தில் நாயோடு நடந்துபோனபோது, மண்ணிலிருந்து துருப்பிடித்த தகர டப்பா ஒன்று எட்டிப் பார்த்தது. தோண்டத் தோண்ட டப்பாக்கள். மொத்தம் 1,427 தங்க நாணயங்கள், 1847 முதல் 1894 வரையிலான தேதிகளோடு. புதைத்தவர் யார் என்று உறுதியாக இன்றுவரை தெரியவில்லை. அவரும் திருட்டுக்குத்தான் பயந்திருப்பார். திருடன் எடுக்கவில்லை, வாரிசும் எடுக்கவில்லை.

நாணயத்தின் பெயர், ஆண்டு, எடை, வாங்கிய நாள், ரசீது, வைத்திருக்கும் இடம் - இவற்றை ஒரு தாளில் எழுதி, நாணயங்கள் இல்லாத வேறோர் இடத்தில் அவர் வைக்கட்டும். அந்த இடம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். உங்களிடம் ரகசியம் தங்காது என்பதுதான் அவருடைய உண்மையான பயம் என்றால், அதைக் குடும்ப ஆலோசனைப் பகுதிக்கு எழுதிக் கேளுங்கள்.